புரோட்டான் உருகினால்?

அணுவைப் பற்றிய பாடம் பெரும்பாலும் எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. கலைப்பிரிவு நண்பர்களோ அந்த மூன்றையும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்! ஆயினும் புரோட்டானுக்குள்ளும் ஓர் உலகம் உண்டு. அதைக் காண விஞ்ஞானிகள் கையாளும் வழி சற்று முரட்டுத்தனமானது. அவ்வழியில் நம் நாட்டவரும் நடந்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் இம்மலரில் சொல்ல விரும்புகிறேன்.

1964ஆம் ஆண்டில் மர்ரே கெல்-மான், ஜார்ஜ் ஸ்வைக் என்னும் இருவர், ஒருவர் அறியாமல் மற்றொருவர், ஒரே கருத்தை வெளியிட்டனர். புரோட்டானும் நியூட்ரானும் மும்மூன்று நுண்துகள்களால் ஆனவை என்பது அக்கருத்து. கெல்-மான் அத்துகளுக்குக் ‘குவார்க்’ என்று பெயரிட்டார். குவார்க்குகளைப் பிணைத்து வைத்திருப்பவை ‘குளுவான்கள்’. ஆங்கிலத்தில் ‘குளூ’ என்றால் பசை அல்லவா? 1979இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த சோதனைகளில் குளுவானுக்கு நேரடிச் சான்று கிடைத்தது.

இங்கே ஒரு விந்தை. மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டிப் பார்த்தால் அது புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் வருகிறது. எஞ்சியதெல்லாம் குவார்க்குகளின் இயக்கமும் குளுவான்களின் ஆற்றலுமே. ஆற்றலும் நிறையும் ஒன்றே என்ற ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அறுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் குவார்க்குகளின் சொந்தக் கணக்கு அறுநூறு கிராம் அளவே என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை. எனவே குவார்க்குப் பிணைப்பை ஆராய்வது, நமக்கு எடை எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதேயாகும்.

சரி, ஒரு குவார்க்கைப் பிரித்தெடுத்துப் பார்க்கலாமே என்றால், அது முடியாது. காந்தச் சட்டத்தை இரண்டாக ஒடித்தால் தனி வடமுனை கிடைக்கிறதா? இரண்டு முழுக் காந்தங்களே கிடைக்கின்றன. குவார்க்கின் கதையும் அத்தகையதே. அதை இழுக்க இழுக்கப் பிணைப்பில் ஆற்றல் ஏறுகிறது. பிணைப்பு அறும்போது அந்த ஆற்றலே புதிய குவார்க்கு இணையாகப் பிறந்து, தனித்தவற்றோடு சேர்ந்துகொள்கிறது. தனிக் குவார்க்கைக் கண்டவர் எவருமில்லை.

ஆனால் குவார்க்குகள் மிக நெருங்கி இருக்கும்போது இப்பிணைப்பு தளர்கிறது என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் கணித்துக் காட்டினர். (2004இல் இதற்காக நோபல் பரிசு பெற்றனர்.) அப்படியானால் பிரிப்பதை விட்டுவிட்டு உருக்கலாமே! வெப்பத்தால் பனிக்கட்டி நீராவதுபோல, புரோட்டான்களும் நியூட்ரான்களும் தம் எல்லைகளை இழந்து ஒரே குழம்பாகிவிடும். அக்குழம்புக்குக் குவார்க்கு–குளுவான் பிளாஸ்மா என்று பெயர். தேவையான வெப்பம் ஏறத்தாழ 2 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தில் இருப்பதோ 1.5 கோடி டிகிரிதான். பிரபஞ்சம் தோன்றியபின் முதல் ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு காலம் வரை எங்கும் இக்குழம்பே நிறைந்திருந்தது என்பர்.

இவ்வெப்பத்தை எப்படி உண்டாக்குவது? கனமான அணுக்கருக்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் எதிரெதிராக மோதவிட வேண்டும். இரண்டு புரோட்டான்கள் போதாவோ என்று கேட்கலாம். ஒரே ஒரு நீர் மூலக்கூறு நனைக்குமா? வெப்பம், அழுத்தம் என்ற சொற்களுக்கே பொருள் வேண்டுமானால் கூட்டம் வேண்டும். காரீயத்தின் கருவில் 82 புரோட்டான்களும் 126 நியூட்ரான்களும் உள்ளன. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 2000ஆம் ஆண்டு முதல் தங்கக் கருக்களும், செர்ன் நிறுவனத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் 2010 நவம்பர் முதல் காரீயக் கருக்களும் மோதவிடப்பட்டன. பின்னதைக் கண்காணிக்கும் ‘ஆலிஸ்’ என்ற 10,000 டன் கருவி, பிரான்ஸ் மண்ணில், சேன் ஜெனி பூயி என்ற ஊரில், 56 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயர்களில் ஊறிய நம் புதுவை நாவுக்கு இவ்வூர்ப் பெயர் கடினமாக இராது.

பிறக்கும் துளி கண்ணிமைப்பதற்குள் என்றுகூடச் சொல்ல முடியாத காலத்தில் மறைந்துவிடுகிறது. கையில் கிடைப்பவை சிதறிவரும் ஆயிரக்கணக்கான துகள்களே. சாம்பலைப் பார்த்து அடுப்பை அறிவது போன்ற வேலை இது. ஆயினும் ஓர் அரிய உண்மையை இச்சாம்பல் காட்டிக்கொடுத்தது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நீளமான, குறுகலான பந்தல் ஒன்றில் மக்கள் திரண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் தொடர்பின்றித் தத்தம் வழியே போனால், எல்லாத் திசையிலும் சமமாகவே வெளியேறுவர். தோளோடு தோள் நெருக்கித் தள்ளினால், நீண்ட பக்கங்களின் வழியாகவே கூட்டம் மிகுதியாகப் பிதுங்கும். இரு கருக்கள் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலகி மோதும்போது, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி பாதாம் பருப்பின் வடிவில் இருக்கும். அங்கிருந்து வரும் துகள்கள் எல்லாத் திசையிலும் சமமாக வரவில்லை. குறுக்குத் திசையிலேயே மிகுந்து வந்தன. அதாவது, வாயுவைப்போல் இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்த குழம்பு, திரவமாக ஓடியது! அதுவும் பாகுநிலை மிக மிகக் குறைந்த திரவம். புரூக்ஹேவன் குழுவினர் 2005இல் இதை அறிவித்தனர். கொள்கையாளரின் எதிர்பார்ப்பைச் சோதனை திருத்திய இந்த இடமே இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது.

இதில் இந்தியர் பங்கு சிறிதன்று. கல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்தினர், பிகாஷ் சின்ஹா (1945–2023) போன்றோரின் முயற்சியால், புவனேசுவரம், சண்டிகர், ஜெய்ப்பூர், ஜம்மு ஆகிய இடங்களின் ஆய்வாளர்களோடு கூடி, ஃபோட்டான்களை எண்ணும் கருவி ஒன்றை உருவாக்கினர். அதன் தத்துவம் எளிது. முன்னால் ஒரு காரீயத் தகடு. பின்னால் நெருக்கமான சிற்றறைகள். ஃபோட்டான் தகட்டில் பட்டு மழையாகச் சிதறிப் பல அறைகளைத் தொடும். மின்னூட்டமுள்ள துகள் பெரும்பாலும் ஓர் அறையோடு நின்றுவிடும். 1990களில் செர்னில் கந்தகக் கருக்களைத் தங்கத்தோடு மோதவிட்ட சோதனையில், மேலே சொன்ன திசை ஏற்றத்தாழ்வு இக்கருவி எண்ணிய ஃபோட்டான்களிலேயே தென்பட்டது. பின்னர் அதன் வழித்தோன்றல்கள், தேன்கூடு போன்ற அறுகோண அறைகளில் வாயு நிரப்பி, புரூக்ஹேவனிலும் ஆலிஸிலும் பணியாற்றின. கல்கத்தாவின் சாகா நிறுவனத்தினர் வடிவமைத்து, சண்டிகரில் வார்த்தெடுக்கப்பட்ட ‘மானஸ்’ என்ற சில்லு, ஆலிஸின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்வழிகளின் குறிப்புகளைப் படித்தது. இதுவும் நம் நாட்டுக் கைவேலைதான்.

இன்னொரு வேடிக்கை. மோதாமல் மிக அருகில் உரசிச் செல்லும் காரீயக் கருக்கள் சில, மூன்று புரோட்டான்களை இழந்து தங்கமாகிவிடுகின்றன! நம் சித்தர்களின் ரசவாதம் கைகூடிற்றென்று மகிழ வேண்டாம்: 2015 முதல் 2018 வரை அவ்வளையத்தில் பிறந்த தங்கம் மொத்தம் 29 பிக்கோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் 29 பங்கு. தோன்றிய கணத்திலேயே அதுவும் சிதைந்துவிட்டது.

2025 ஜூலையில் செர்னில் ஆக்ஸிஜன் கருக்களை மோதவிட்டார்கள். ஆக்ஸிஜன் கருவில் 16 துகள்களே உண்டு. கூட்டம் இவ்வளவு சிறுத்தபின்னும் திரவம் திரவமாகவே ஓடுமா, எத்தனை துகள்களுக்குக் கீழே அது கூட்டமாக இல்லாமல் போகும் என்பதே அவர்கள் எழுப்பியுள்ள கேள்வி.