பாடத்திட்டத்துக்கு வெளியே ஜே. கிருஷ்ணமூர்த்தி

1986 ஜனவரி 4 அன்று சென்னை வசந்த விகாரில் ஜே. கிருஷ்ணமூர்த்தி உரையாற்றினார். அதுவே அவருடைய கடைசிப் பொதுவுரை. அடுத்த மாதம், தொண்ணூறு வயதில், கலிபோர்னியாவின் ஓஹாயில் காலமானார். உலகெங்கும் வாசகர்களைப் பெற்ற சிந்தனையாளர் அவர். ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் தத்துவப் பாடத்தில் அவருக்குக் கிடைப்பது சிறிய இடம்தான். மேலைநாடுகளில் அதுவும் அரிது.

ஒரு காரணம் அவருடைய இளமைக் காலம். 1909இல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் அந்தச் சிறுவனைக் கண்டார். உலக குருவாகப் போகிறவர் என்று அறிவித்து வளர்த்தார்கள். 1929இல் ஹாலந்தின் ஓமன் முகாமில், தனக்காக உருவான அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தியே கலைத்துவிட்டார். குருவே வேண்டாம் என்றவரை ஆன்மிக குருக்களின் அலமாரியில்தான் உலகம் இன்றும் வைத்திருக்கிறது.

இன்னொரு காரணம் ஆழமானது. கோபப்படும்போது ‘நான்’ என்று ஒருவர் தனியாக நின்று கோபத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பவரும் அந்தக் கோபமும் ஒன்றே என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. ஸ்காட்லாந்தின் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் வெளியான தன் நூலில் இதற்கு மிக அருகில் வந்தார். உள்ளே தேடினால் சூடு, குளிர், வலி, இன்பம் என உணர்வுகள்தான் அகப்படுகின்றன, ‘நான்’ அகப்படவில்லை என்றார். ஹியூம் இல்லாத தத்துவப் பாடத்திட்டம் அரிது. காரணம், அவர் வாதத்தைப் படிப்படியாக எழுதினார். அடுத்த ஆண்டே, தன் விளக்கம் தனக்கே நிறைவு தரவில்லை என்று அந்நூலின் பின்னிணைப்பிலும் எழுதினார். அப்படிப்பட்ட எழுத்தை மறுக்கலாம், திருத்தலாம், மேலே கட்டலாம். கிருஷ்ணமூர்த்தி வாதத்தை அடுக்கவில்லை, முன்னோரை மேற்கோள் காட்டவில்லை. ‘நான் சொல்வதை ஏற்காதீர்கள், நீங்களே பாருங்கள்’ என்பதே அவர் வழி. பார்த்தும் தெரியவில்லை என்பவருக்கு அவரிடம் வேறு சான்று இல்லை. துறைசார் தத்துவம் இங்கே தயங்குவது நியாயமே.

ஆனால் சாக்ரடீஸும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு ஒரு பிளேட்டோ வாய்த்தார். கிருஷ்ணமூர்த்திக்கு அப்படி ஒரு தத்துவவாதி வாய்க்கவில்லை; அவரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து விவாதித்தவர் டேவிட் போம் என்ற இயற்பியலாளர். தத்துவப் பேராசிரியர்களில், ‘நான்’ என்பது குறித்து ஆராய்ந்த ரேமண்ட் மார்ட்டின் போன்ற சிலரே கிருஷ்ணமூர்த்தியைப் பொருட்படுத்தி நூல் செய்தார்கள்.

வாதத்தைக் கிருஷ்ணமூர்த்தி எழுதாவிட்டால் என்ன? எழுதிப் பார்ப்பது தத்துவம் படித்தவர்களின் வேலை. சென்னையில் தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘நான்’ பற்றிய ஹியூமின் அத்தியாயத்தையும் வசந்த விகார் உரை ஒன்றையும் ஒரே வகுப்பில் மாணவர்கள் முன் வைக்க வேண்டும். அவர்கள் கிருஷ்ணமூர்த்தியோடு சண்டை போடட்டும்.