வாக்கி டாக்கி வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள்

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களுக்கும் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்களுக்கும் இடையே செய்தி சொல்ல வேண்டும். மண்டபத்தில் சமையல்கட்டிலிருந்து பந்திக்குத் தகவல் போக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிகள் ஒருவரையொருவர் அழைக்க வேண்டும். இதற்கெல்லாம் வாக்கி டாக்கி வந்துவிட்டது. கூட்டம் சேர்ந்து கைப்பேசி திணறும் இடத்தில் ஒரு பொத்தானை அழுத்திப் பேசிவிடலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் வாங்குபவர்களில் பலர் விலையைப் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று கேட்கிறார்கள், அது எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று மட்டும் கேட்பதில்லை. சட்டம் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டின் இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம் சொல்கிறது. ஒலிபரப்பும் கருவியாக இருந்தால் மூன்றாண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அபராதத் தொகையைப் பார்த்து யாரும் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அங்கீகாரம் வேண்டும் என்றே சொல்கிறது. விலக்கு அளிக்கப்பட்டவற்றுக்கு மட்டும் அது தேவையில்லை.

சாதாரண மக்களுக்குப் பயன்படும் விலக்கு 2018-இல் வந்த விதிகளில் இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த சக்தியில் இயங்கும் வாக்கி டாக்கிக்கு உரிமம் வேண்டாம். உரிமம் வேண்டாம் என்றாலும் அந்த மாடலுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு வழங்கிய வகை ஒப்புதல் இருக்க வேண்டும். ஈடிஏ என்று வியாபாரிகள் சொல்வது அதைத்தான். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தக் கருவி விலக்குக்குள் வராது.

இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல செட்டுகளின் விவரத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐந்து வாட் என்று போட்டிருக்கும். முகப்பிலுள்ள எண் பொத்தான்களை அழுத்தி இந்த எல்லைக்குள் எந்த அலைவரிசைக்கும் அதை மாற்றலாம். காவல்துறை, தீயணைப்பு, துறைமுகம் போன்றவை பேசும் அலைவரிசைகள் பலவும் இதே எல்லைக்குள் இருக்கின்றன. பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் பேசும் அதே நொடியில், அதே அலைவரிசையில் ஒரு விபத்துத் தகவல் போய்க்கொண்டிருக்கலாம். பலமான அலை பலவீனமானதை அமுக்கிவிடும். அமுக்கியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இந்தச் சட்டம் வெறும் காகிதக் கெடுபிடி இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசையையும் உரிமத் தேவையையும் ஒப்புதலையும் சொல்லாமல் வாக்கி டாக்கிகள் விற்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு. அந்த மாதக் கடைசியில் தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. அனுமதிக்கப்பட்ட அலைவரிசைக் கருவிகளை மட்டுமே பட்டியலிட வேண்டும், அலைவரிசையையும் ஒப்புதல் விவரத்தையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது தளங்களின் கடமை. ஆகவே, இந்த விவரம் இல்லாத பக்கத்தில் வாங்காதீர்கள். ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று விற்பவர் எழுதிவைத்திருப்பது ஒப்புதல் ஆகாது. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். அது நீங்கள் வாங்கும் அதே மாடலுக்கு உரியதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் பிள்ளைகளுக்காக வாங்கிவரும் ஜோடி செட்டும் இதில் சேரும். அமெரிக்கக் குடும்பங்கள் உரிமமின்றிப் பயன்படுத்துபவை 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குகின்றன. அங்கே சட்டப்படி சரியான பொருள் இங்கே விலக்குக்குள் வராது. செயற்கைக்கோள் கருவிகளில் ஆபத்து இன்னும் அதிகம். துரையா, இரிடியம் போன்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. மலையேற்றத்துக்கான செயற்கைக்கோள் கருவியைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள்.

இனி தூரம். பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. சமதரையில் ஆளுயரத்தில் இருவர் பிடித்திருந்தால், இடையில் எந்தத் தடையும் இல்லாதபோது, பூமியின் வளைவே ஏறக்குறைய பத்து கிலோமீட்டரில் மறித்துவிடும். ஊருக்குள் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை கிடைத்தாலே நல்லது. வாட்டைக் கூட்டினால் தூரம் அதே அளவில் கூடாது. ஆன்டெனாவின் உயரம் கூடினால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். மண்டபத்துக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் விலக்குள்ள அலைவரிசையே போதும். திருப்பித் தரும் வசதியோடு இரண்டு மட்டும் வாங்கி, உங்கள் இடத்திலேயே பேசிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

‘பிரைவசி கோட்’ என்று விளம்பரப்படுத்துவதும் மக்களை ஏமாற்றுகிறது. அந்தக் குறியீடு மற்றவர்களின் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கிறது. உங்கள் பேச்சை அது மறைப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர் தன் காதை மட்டும் பொத்திக்கொண்டது போலத்தான். அதே சேனலில் செட் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, வசூல் பணம் எந்த வண்டியில் போகிறது, எந்தக் குழந்தை தனியாக நிற்கிறது என்பதை அதில் சொல்லவே கூடாது.

கடலில் கதை வேறு. 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள சேனல் 16 உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கானது. தரையில் விற்கும் மலிவு செட்டையும் அந்த எண்ணுக்குத் திருப்பலாம் என்பதால் சிலர் அதையே படகில் எடுத்துச் செல்கிறார்கள். உப்பு நீருக்குத் தாங்கும், கடலுக்கென்றே செய்த, உரிமம் பெற்ற விஎச்எஃப் செட்தான் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையின் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். படகின் தாழ்ந்த ஆன்டெனாவிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விஎச்எஃப் பேசாது. ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பவும் பெறவும் முடிகிற டிரான்ஸ்பாண்டர்கள் வேண்டும். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இவற்றை இலவசமாகப் பொருத்தும் ஏற்பாடு இருக்கிறது. பொருத்தாத படகுக்காரர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

தொழிற்சாலை, தேயிலைத் தோட்டம் போன்ற இடங்களுக்கு அதிக சக்தி வேண்டுமென்றால் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பித்துத் தனி அலைவரிசை பெறலாம். அத்தகைய செட்டை விற்கும் கடைக்காரரிடமும் வியாபாரி உரிமம் இருக்க வேண்டும். வானொலியே ஆர்வமென்றால் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான தேர்வு எழுதுங்கள். 12 வயது நிரம்பியவர்களே எழுதலாம்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பையும் ரசீதையும் பெட்டியின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். பக்கம் மறுநாளே மறைந்துவிடலாம். இணையத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

விலக்கில் சேராத செட் ஏற்கெனவே கையில் இருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், பேசிப் பார்க்காதீர்கள். விற்றவரிடம் பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சென்னையிலுள்ள வயர்லெஸ் பிரிவின் மண்டல உரிம அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். போட்ட பணம் போகிறதே என்று அதைப் பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் மட்டும் விற்றுவிடாதீர்கள். வாங்குகிறவர் தலையில் குற்றம் ஏறும், விற்ற நீங்களும் சிக்குவீர்கள்.