கொலஸ்ட்ராலுக்குப் பூண்டு மாத்திரை, கூடவே எச்.ஐ.வி மருந்து: சேர்த்துச் சாப்பிடலாமா?

நண்பர் ஒருத்தர் தன் உறவினருக்காக ஒரு கேள்வி கேட்டார். உறவினருக்கு வயது ஐம்பதைத் தாண்டியாச்சு. பல வருஷமா ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார், வைரஸ் நல்ல கட்டுக்குள் இருக்கு. இப்போ கொலஸ்ட்ரால் ஏறியிருக்கு. "ஏற்கெனவே வாழ்நாள் பூரா மாத்திரை. இன்னொண்ணும் சேர்க்கணுமா? பூண்டு கேப்ஸ்யூல், மீன் எண்ணெய்னு இயற்கையா ஏதாவது எடுத்தா போதாதா?"

நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை, பி.இ. படிச்சுட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், ஆய்வுக் கட்டுரைகளைத் தோண்டிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் படித்து எடுத்த குறிப்புகள் இவை. சப்ளிமெண்ட் என்றால் நாமெல்லாம் "பலன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் போதும். எச்.ஐ.வி மருந்து சாப்பிடுகிறவர் அதற்கு முன்னாடி இன்னொரு கேள்வி கேட்டாகணும்: இது என் வைரஸ் மாத்திரையை என்ன செய்யும்?

முதலில், கொலஸ்ட்ரால் ஏன் ஏறுது? எச்.ஐ.வி தொற்று வந்து சிகிச்சை இல்லாமல் இருக்கும்போது மொத்த கொலஸ்ட்ரால் உண்மையில் குறையும். சிகிச்சை தொடங்கி உடம்பு தேறினதும் அது பழைய அளவுக்குத் திரும்பும். ஆக, ரிப்போர்ட்டில் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு உடம்பு சரியானதன் அடையாளம். மீதியில் மருந்துக்கும் பங்கு உண்டு. 1996 வாக்கில் வந்த புரோட்டியேஸ் தடுப்பான்கள், குறிப்பா ரிட்டோனாவிர், ட்ரைகிளிசரைடை எகிற வைத்தன. 2003-ல் வெளியான டி.ஏ.டி ஆய்வு 23,000 பேருக்கு மேல் தொடர்ந்து பார்த்து, கூட்டு மருந்து எடுக்கும் முதல் சில வருஷங்களில் ஒவ்வொரு வருஷத்துக்கும் மாரடைப்பு விகிதம் 26% கூடுவதாகச் சொன்னது. அடிப்படை அபாயம் சின்னது என்பதால் மருந்தால் வந்த நன்மைதான் பல மடங்கு பெரிசு. ஆனாலும் இதயத்தைக் கவனிக்கணும் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

இந்தியாவில் அரசு இலவச ஏ.ஆர்.டி-யைத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அன்றைக்கு முப்பது வயதில் சேர்ந்தவருக்கு இப்போ ஐம்பதுக்கு மேல். வைரஸிலிருந்து தப்பியவருக்கு இப்போ நம் எல்லாருக்கும் வருகிற சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாம் வருது. இன்று பெரும்பாலோர் எடுக்கிற டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை கொழுப்பு விஷயத்தில் பழையவற்றைவிட எவ்வளவோ சாது. இரண்டாம் கட்ட மருந்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ரிட்டோனாவிர் இன்னும் கூடவே வரும். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே திரும்ப வரும்.

இனி உள்ளே நடப்பது. கல்லீரலிலும் குடல் சுவரிலும் சி.ஒய்.பி 3ஏ4 என்று ஒரு என்சைம் இருக்கு. நாம் விழுங்குகிற மருந்துகளில் பெரும்பகுதியை உடைத்து வெளியேற்றுவது இதுதான். நம்ம பாஷையில் சொன்னால், பத்து அப்ளிகேஷன் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரே சர்வர். ஏதோ ஒண்ணு அந்த சர்வரின் வேகத்தைக் கூட்டினால் மற்ற மருந்துகள் வேலை செய்வதற்கு முன்னாலேயே கரைந்து போகும். வேகத்தைக் குறைத்தால் மருந்து ரத்தத்தில் தேங்கி விஷமாகும்.

முதல் வகைக்கு உதாரணம், மனச்சோர்வுக்கு மேல்நாட்டில் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை. 2000-ல் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி மருந்தோடு கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் மருந்தின் மொத்த அளவு 57% குறைந்தது. மருந்து பாதி அளவில் இருந்தால் பாதிப் பலன் கிடைக்கும் என்று கணக்குப் போடக்கூடாது. அரைகுறை மருந்துக்கு நடுவே வைரஸ் பெருகும், பெருகும்போது மாறும், மாறினதில் மருந்துக்கு மசியாதது தங்கிவிடும். அப்புறம் அந்த மருந்தை முழு டோஸில் கொடுத்தாலும் வேலைக்காகாது. கைவசம் இருக்கிற மருந்து வரிசையில் ஒண்ணு நிரந்தரமா போச்சு.

இப்போ பூண்டுக்கு வரலாம். அதே ஆய்வுக் குழு 2002-ல் சாக்வினாவிர் என்ற மருந்தோடு பூண்டு மாத்திரையைச் சோதித்தது. சுமார் மூன்று வாரம் பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் சாக்வினாவிர் அளவு 51% இறங்கியது. பூண்டை நிறுத்திப் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் பழைய அளவில் 60 முதல் 70% வரைதான் திரும்பியிருந்தது. என்னைத் திடுக்கிட வைத்தது இந்த இரண்டாவது எண்தான். "டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் நிறுத்திக்கலாம்" என்பதெல்லாம் நடக்காது.

சாக்வினாவிர் இன்று அநேகமா யாரும் எடுப்பதில்லை. ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல் பூண்டைப் பற்றியும் அந்த ஆய்வு பேசவில்லை. அது செறிவூட்டிய மாத்திரை, தினமும் இரண்டு வேளை. எனவே பூண்டுக் குழம்பை ஒதுக்க வேண்டாம். சரி, இவ்வளவு அபாயத்துக்குப் பதிலாக் கிடைக்கிற பலன் என்ன? 2022-ல் வெளியான ஸ்போர்ட் ஆய்வில், எச்.ஐ.வி தொடர்பில்லாத 190 பேரைப் பிரித்து 28 நாள் ஆறு விதமான சப்ளிமெண்ட், ரோசுவாஸ்டாடின் 5 மி.கி, வெற்று மாத்திரை என்று கொடுத்தார்கள். ரோசுவாஸ்டாடின் எடுத்தவர்களின் எல்.டி.எல் கிட்டத்தட்ட 38% இறங்கியது. ஆறு சப்ளிமெண்டில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி எல்.டி.எல்-ஐக் குறைக்கவில்லை. பூண்டு எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரைக்காரர்களோடு ஒப்பிட்டால், எல்.டி.எல் 7.8% கூடியிருந்தது! (இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாடினை உருவாக்கிய கம்பெனி, 28 நாள் என்பதும் குறைவு. இரண்டையும் மனசில் வைத்துத்தான் நான் படித்தேன்.)

அடுத்தது சிவப்பு ஈஸ்ட் அரிசி. பெயரைக் கேட்டு மாப்பிள்ளைச் சம்பா மாதிரி என்று நினைக்க வேண்டாம். அரிசியில் மோனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் செய்வது, சீனாவில் ரொம்பப் பழசு. ஆன்லைனில் "இயற்கை ஸ்டாடின்" என்று விற்கிறார்கள். அந்த விளம்பரம் பொய்யில்லை, சிக்கலே அங்கேதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1979-ல் இந்தப் பூஞ்சையிலிருந்து மோனாகோலின் கே-ஐப் பிரித்தார். அதுவும் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாடினான லோவாஸ்டாடினும் ஒரே மூலக்கூறு.

இங்கே ரிட்டோனாவிர் திரும்ப வருது. இன்று அதைச் சின்ன டோஸில் கொடுப்பதே சி.ஒய்.பி 3ஏ4-ஐ வேண்டுமென்றே முடக்குவதற்குத்தான், கூட வரும் அட்டசனாவிரோ லோப்பினாவிரோ ரத்தத்தில் அதிக நேரம் நிற்கணுமே! லோவாஸ்டாடின் உடைவதும் அதே என்சைமில்தான். வழி அடைத்திருந்தால் அது தேங்கும். லோவாஸ்டாடினின் நெருங்கிய சொந்தமான சிம்வாஸ்டாடினை ரிட்டோனாவிர், சாக்வினாவிரோடு கொடுத்துச் சோதித்தபோது ரத்தத்தில் அதன் செயல்படும் வடிவம் சுமார் 30 மடங்கு ஏறியது. முப்பது சதவீதம் இல்லைங்க, முப்பது மடங்கு. தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடிய அளவு. அதனால்தான் இந்த இரண்டு ஸ்டாடினும் ரிட்டோனாவிரோடு கூடவே கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். டாக்டர் லோவாஸ்டாடின் எழுதினால் மருந்துக்கடைக்காரராவது தடுப்பார். அரிசி என்று பெயர் போட்ட டப்பாவை யார் தடுப்பது?

அந்த டப்பாவில் எவ்வளவு இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2010-ல் அமெரிக்காவில் 12 பிராண்டுகளைச் சோதித்ததில் ஒரு கேப்ஸ்யூலில் மோனாகோலின் கே 0.1 மி.கி-லிருந்து 10 மி.கி வரை இருந்தது. நாலு பிராண்டில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் அதிகமா இருந்தது.

நம்ம ஊர்ச் சரக்கான குக்குலுவையும் விட்டுவிடக்கூடாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கொழுப்பு குறைப்பதற்கென உருவாக்கி, 1980-களில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது குக்குலிபிட். 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது எல்.டி.எல் இறங்கவில்லை, 4, 5% ஏறியது. போதாததுக்கு, அதிலுள்ள குக்குல்ஸ்டெரோன் சி.ஒய்.பி 3ஏ4-ஐத் தூண்டும் தன்மை உள்ளது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எச்.ஐ.வி மருந்து எடுப்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

அப்போ உருப்படியா எதுவுமே இல்லையா? இருக்கு. மீன் எண்ணெய் எச்.ஐ.வி உள்ளவர்களிடமே சோதிக்கப்பட்டது. 2007-ல் வந்த பிரெஞ்சு ஆய்வில் ட்ரைகிளிசரைடு அதிகமுள்ள 122 பேர். தினமும் ஆறு கேப்ஸ்யூல், எட்டு வாரம். எடுத்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடு சுமார் 25% இறங்கியது. வைரஸ் மருந்தோடு மோதுவதும் இல்லை. ஆனால் ட்ரைகிளிசரைடு வேறு, எல்.டி.எல் வேறு. மீன் எண்ணெய் எல்.டி.எல்-ஐக் குறைக்காது, சிலருக்குக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும். ரிப்போர்ட்டில் எந்த வரி சிவப்பில் இருக்கு என்று பார்க்காமல் வாங்கினால் காசுதான் வீண். டோஸ் கூடினால் இதயத் துடிப்பு சீர்கெடும் வாய்ப்பும் கூடும் என்பதால் தானா ஏற்றிக்கொள்ளவும் கூடாது.

எல்.டி.எல்-க்கு என்றால் இசப்கோல். தினமும் 10 கிராம் அளவுக்கு எடுத்தால் சுமார் 13 மி.கி இறங்கும். அதிசயம் இல்லை, ஆனால் நிஜம், விலையும் மலிவு. மருந்தையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும்.

இடைவெளி என்றதும் இன்னொன்று. கொலஸ்ட்ராலுக்குச் சம்பந்தமில்லை, ஆனா இதே அலமாரியில் இருக்கும் கால்சியம், இரும்பு, ஜிங்க் மாத்திரைகளும் அவை கலந்த மல்டிவிட்டமினும். இந்தத் தாதுக்கள் வயிற்றிலேயே டோலுடெக்ராவிரைக் கட்டிப்பிடித்து ரத்தத்துக்குப் போகவிடாமல் செய்துவிடும். டோலுடெக்ராவிரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ எடுக்கணும். கால்சியமும் இரும்பும் மட்டும் சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே எடுக்கலாம். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கிற மெக்னீசியம், அலுமினியம் கலந்த திரவ மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

"இன்னொரு மாத்திரை வேண்டாம்" என்ற அந்த உறவினருக்கு நான் காட்டச் சொன்னது 2023-ல் வெளியான ரிப்ரீவ் ஆய்வை. இந்தியா உட்பட 12 நாடுகள், 40 முதல் 75 வயது வரை எச்.ஐ.வி உள்ள 7,769 பேர். யாருக்கும் எல்.டி.எல் பயமுறுத்தும் அளவில் இல்லை, நடுமதிப்பு 108 மட்டுமே. தினமும் பிட்டாவாஸ்டாடின் 4 மி.கி எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35% குறைந்தன. பலன் தெளிவாத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். இந்த ஸ்டாடின் சி.ஒய்.பி 3ஏ4-ஐ அநேகமா நம்பியிருப்பதில்லை, ரிட்டோனாவிரோடும் ஒத்துப்போகும். மேலே சொன்ன எந்தச் சப்ளிமெண்டுக்கும் மாரடைப்பைக் குறைத்ததாக இவர்களிடம் இப்படி ஒரு சான்று இல்லை.

நடைமுறையில் பெரிய தடை ஒண்ணு இருக்கு. ஏ.ஆர்.டி மையத்து டாக்டருக்கு வீட்டில் எடுக்கும் பூண்டு மாத்திரை தெரியாது. தெருமுனை இதய டாக்டருக்கு எச்.ஐ.வி தெரியாது, சொல்லப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் நம்ம சமூகம், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் ஒரு சுலப வழி: இதய டாக்டரிடம் சொல்ல முடியாததை ஏ.ஆர்.டி மையத்தில் சொல்லலாமே. வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், லேகியம் உட்பட, லேபிள் தெரியும்படி போட்டோ எடுத்து அடுத்த மாத மாத்திரை வாங்கப் போகும்போது காட்டுங்க. கொலஸ்ட்ரால் மாத்திரையையும் அங்கேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் எச்.ஐ.வி மருந்து மோதல் தளத்தில் இரண்டு பெயரையும் போட்டுப் பார்க்கலாம். இலவசம். பூண்டு, சிவப்பு ஈஸ்ட் அரிசி மாதிரியான மூலிகைச் சரக்குகளையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்திலேயே பதில் வரும்.