ராஜூலாவின் பேரர்களுக்கு ஒரு கப்பல் கணக்கு

தேநீர் கொஞ்சம் ஆறட்டும், அண்ணே. மடித்துக் கொண்டுவந்த அந்தத் தாளை மேசையில் விரியுங்கள். உலகின் சிறந்த சொகுசுக் கப்பல் நிறுவனங்கள்: சில்வர்சீ, ரீஜண்ட், சீபோர்ன், கிறிஸ்டல், வைக்கிங். மணிவிழா முடிந்த கையோடு ஈபிஎஃப் சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, அண்ணியைக் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்கிறீர்கள். பட்டியலில் முதலில் இருப்பதைப் பிடித்துக்கொண்டால் ஏமாற மாட்டோம் என்றும் நினைக்கிறீர்கள். நல்ல ஆசை. மலாக்காவின் பத்து பெரண்டாமில் இருந்து பார்க்கும்போது அந்தப் பட்டியல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று நிதானமாகப் பேசிவிடுவோம்.

மதிப்பெண் போட்டது யார் என்பதிலிருந்து தொடங்குவோம். உங்கள் தாளில் இருப்பது வாசகர் வாக்கெடுப்பு. அமெரிக்காவின் காண்டே நாஸ்ட் டிராவலர், டிராவல் அண்ட் லெஷர் போன்ற இதழ்கள் ஆண்டுதோறும் தங்கள் வாசகர்களைக் கேட்டு இப்படி வெளியிடுகின்றன. வாக்குப் போடுகிறவர் தான் ஏறிய கப்பலுக்குத்தான் போடுகிறார். ஏறாத கப்பலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஆகவே எல்லாக் கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த ஆள் அங்கே எவரும் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் அதன்மேல் எவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன. அந்தப் பிரியத்துக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. நாளுக்குப் பல நூறு அமெரிக்க டாலர் கொடுத்து ஒரே நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்றால், அங்கே கவனிப்பு நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாக்களித்தவர்களில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சைவம் பிடிப்பவர், மது தொடாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இரண்டாவது வகை, ஒரு நிபுணர் போடும் மதிப்பெண். டக்ளஸ் வார்ட் என்பவர் 1985 முதல் பெர்லிட்ஸ் வெளியிட்ட கப்பல் வழிகாட்டியை எழுதிவந்தார். ஒவ்வொரு கப்பலுக்கும் 2,000 மதிப்பெண். கப்பலின் நிலை, அறை, உணவு, சேவை, பொழுதுபோக்கு என்று பிரித்துப் போடுவார். இந்த வகையை நான் அதிகம் மதிக்கிறேன். ஒரே கண், ஒரே அளவுகோல், அதோடு பிரித்துக் காட்டிய கணக்கு. ஆனால் பல ஆண்டுகள் அவர் உச்சத்தில் வைத்திருந்தவை ஜெர்மனியின் ஹபாக் லாய்டு நிறுவனத்தின் யூரோப்பா, யூரோப்பா 2 என்ற இரண்டு கப்பல்கள். யூரோப்பாவில் ஜெர்மன்தான் புழங்கும் மொழி. உலகத்திலேயே முதல்தரமான கப்பலில் இரண்டு வாரம் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க அண்ணி சம்மதிப்பாரா? அவர் மதிப்பெண்ணில் பிழை கிடையாது. அது உங்களை மனத்தில் வைத்துப் போட்டதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் தாளில் கிறிஸ்டல் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதன் கதை நம் நாட்டோடு நேரடியாகச் சேர்ந்தது. கெந்திங் மலைக்காரர்கள் 1993இல் ஸ்டார் குரூஸ் தொடங்கினார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன சூப்பர்ஸ்டார் விர்கோவில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஏறியிருக்கிறார்கள். அந்தக் குழுமத்தின் கெந்திங் ஹாங்காங் நிறுவனம் 2015இல் ஜப்பானின் என்ஒய்கே நிறுவனத்திடமிருந்து கிறிஸ்டலை 550 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சாதாரணப் பெயரில்லை அது. வாசகர் வாக்கெடுப்புகளில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்திலோ அதை ஒட்டியோ நின்ற பெயர்.

கோவிட் வந்து கப்பல்கள் நின்றன. ஜெர்மனியில் கெந்திங் நடத்திய கப்பல் கட்டும் தளம் 2022 ஜனவரியில் திவாலானது. சில நாட்களில் கெந்திங் ஹாங்காங்கும் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது. அதே மாதம் கிறிஸ்டல் சிம்பொனி பயணிகளோடு மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் பாக்கிக்காகக் கப்பலைப் பிடித்துவைக்க அங்கே நீதிமன்ற உத்தரவு காத்திருந்தது. கப்பல் மயாமிக்குப் போகவில்லை. பஹாமாஸின் பிமினி தீவுக்குப் போய் நின்றது. பயணிகளை வேறு படகில் ஏற்றிப் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பயணத்திலும் சாப்பாடும் சேவையும் நன்றாகவே இருந்திருக்கலாம். வாக்குச் சீட்டு கொடுத்திருந்தால் நல்ல மதிப்பெண்ணே விழுந்திருக்கும். எண்ணெய்க்குக் கொடுக்கக் கம்பெனியிடம் காசு இருக்கிறதா என்ற கேள்வி எந்த வாக்குச் சீட்டிலும் கிடையாது. இப்போது ஓடும் கிறிஸ்டல், ஏ அண்ட் கே குழுமம் கப்பல்களை வாங்கிப் புதுப்பித்து 2023இல் மீண்டும் இறக்கியது. பெயர் பழையது, முதலாளி புதியவர்.

பெயரை மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு விர்கோவும் சாட்சி. 1999இல் வந்த அதே கப்பல் 2019இல் எக்ஸ்ப்ளோரர் டிரீம் ஆனது, 2023இல் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் ஒன் ஆனது. சென்னையிலிருந்து 2022இல் கொர்டேலியா நிறுவனம் விட்ட எம்பிரஸ் கப்பலும் 1990இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கடலுக்கு வந்ததுதான். பழைய கப்பல் கெட்ட கப்பல் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்தால் 30 வருடம் தாராளமாக ஓடும். ஆனால் புதுப் பெயருக்குப் புதுக் கப்பல் விலை கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஐஎம்ஓ எண் என்று ஏழு இலக்கம் உண்டு. பெயர், கொடி, முதலாளி எல்லாம் மாறினாலும் அந்த எண் கப்பலை உடைக்கும் வரை மாறாது. ஏஜண்டிடம் அதைக் கேட்டு வாங்கினால், எந்த ஆண்டு கட்டியது, முன்பு என்னென்ன பெயரில் ஓடியது என்று இளைய மகனே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இனி ஒரு கணக்கு. சொகுசு என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இடம்தான். கப்பலின் மொத்த டன் என்று போட்டிருப்பது எடையைக் குறிப்பதில்லை. உள்ளே இருக்கும் கொள்ளளவின் அளவு. பழைய கணக்கில் ஒரு டன் என்றால் 100 கன அடி. அதைப் பயணிகள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். சிங்கப்பூரிலிருந்து போகும் கெந்திங் டிரீம் சுமார் 1,50,000 டன், அறைக்கு இருவர் என்றால் ஏறக்குறைய 3,350 பேர், ஆளுக்கு 45. ராயல் கரீபியனின் ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ் 1,69,000 டன், 4,246 பேர், ஆளுக்கு 40. உங்கள் பட்டியலில் உள்ள சில்வர்சீயின் சில்வர் மியூஸ் 40,700 டன்தான், ஆனால் 596 பேர், ஆளுக்கு 68. யூரோப்பா 2இல் 80ஐத் தாண்டும். விலை ஏன் அப்படி ஏறுகிறது என்பது இதிலேயே பாதி விளங்கிவிடும்.

நம் பாட்டன்மார் வந்த ராஜூலாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், 8,478 டன். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறக்கும். தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்ற அனுமதி இருந்தது. ஆளுக்கு இரண்டு டன்கூட இல்லை. அன்றைய அளவுமுறையும் இன்றையதும் கொஞ்சம் வேறு என்றாலும், இரண்டுக்கும் நாற்பதுக்கும் நடுவில் உள்ள தூரம் அளவுமுறையால் வந்ததில்லை. அந்த டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கப்பல் நிறுவனங்கள் பெரிய கப்பல் நெரிசல், சின்னக் கப்பல்தான் சொகுசு என்று சொல்லும்போது, நம் வீட்டுக் கிழவிக்கு நாற்பதும் அரண்மனைதான் என்பதை நான் மறப்பதில்லை. அண்ணிக்கு நாற்பது போதுமா, எழுபது வேண்டுமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்த நாற்பது, அறைக்கு இருவர் என்ற கணக்கு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கூடுதல் கட்டில் போட்டு ஸ்பெக்ட்ரம் போன்ற கப்பலை நிரப்பினால் 5,600 பேர் ஆகும். நாற்பது முப்பதாக இறங்கிவிடும். ஒரே கப்பல், ஒரே நட்சத்திரம், இரண்டு வேறு அனுபவம். விடுமுறை இல்லாத வாரத்தில் போனால் காசில்லாமலே பட்டியலில் சில படி மேலே ஏறிவிடலாம்.

நான் முழுமனத்தோடு நம்பும் மதிப்பெண் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், தன் நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் முன்னறிவிப்பில்லாமல் ஏறி, சமையலறை, தண்ணீர், நீச்சல்குளம் எல்லாம் சோதித்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. விலையோ பெயரோ அங்கே செல்லாது. பெரிய பெயர் கொண்ட சொகுசுக் கப்பல்களும் தோற்றிருக்கின்றன. அமெரிக்காவுக்குப் போகாமல் இந்தப் பக்கமே சுற்றும் கப்பலுக்கு அந்த மதிப்பெண் இருக்காது. ஆனால் ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் மற்றக் கப்பல்களுடைய மதிப்பெண்ணைப் பார்த்தால் அந்த வீட்டுச் சமையலறைப் பழக்கம் ஓரளவு தெரியும்.

அடுத்தது அண்ணியின் முட்டி வலி. எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. நம் மலாக்காவையே பாருங்கள்: கடல் ஆழமில்லை, பெரிய கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், பயணிகள் சின்னப் படகில் மாறி வருவார்கள். புக்கெட்டின் பாத்தோங்கிலும் அப்படித்தான். அலையில் ஆடும் படகுக்குக் கால் வைத்து இறங்க வேண்டும். பினாங்கில் சுவெட்டன்ஹாம் படகுத்துறையிலேயே கட்டுவார்கள், இறங்கினால் ஜார்ஜ்டவுன். பயண நிரலில் எந்த ஊரில் படகு, எந்த ஊரில் படகுத்துறை என்று கேளுங்கள். முதலிடமோ முப்பதாவது இடமோ, அண்ணி கப்பலை விட்டு இறங்க முடியாவிட்டால் அந்த ஊர் கணக்கில் சேராது.

விலையை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். சொகுசு நிறுவனங்கள் மது, டிப்ஸ், சில இடங்களில் ஊர்சுற்றல்வரை கட்டணத்திலேயே சேர்த்துவிடும். பெரிய கப்பல்கள் குறைந்த விலை காட்டி, டிப்ஸ் என்று நாளுக்கு ஆளுக்கு ஒரு தொகையைப் பின்னால் சேர்க்கும். மது தொடாத உங்கள் இருவருக்கும் ‘எல்லாம் உட்பட’ என்ற விலையில் ஒரு பங்கு குடிக்காத மதுவுக்குத்தான் போகிறது. சிங்கப்பூர் டாலரில் சொல்வதை வெள்ளிக்கு மாற்றி, மலாக்கா சென்ட்ரலிலிருந்து பஸ், முதல் நாள் இரவு தங்கல் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஜொகூர் பாலத்தில் எப்போது நெரிசல் வரும் என்று சொல்ல முடியாது, கப்பல் காத்திருக்காது.

பணம் கட்டும் இடம்தான் கடைசி. ஏஜண்டுக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று எண்ணைச் சரிபாருங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் கடன் அட்டையில் கட்டுங்கள்; கம்பெனி கவிழ்ந்தால் வங்கி மூலம் கேட்க ஒரு வழி இருக்கும். ஏஜண்டோடு தகராறு வந்தால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனம் திவாலானால் பணம் தருமா, நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவைத் தருமா என்ற இரண்டு வரியையும் நீங்களே படித்துப் பாருங்கள். கப்பல் மருத்துவர் தனியார் மருத்துவர். பில் டாலரில் வரும். அண்ணிக்குச் சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள்.