அரசின் கைச்சாத்து

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெரு, மாத்தளையையும் அலுவிகாரையையும் கடந்து, பலாபத்வலையின் ஊடாக நாலந்தைப் பக்கம் செல்கின்றது. மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் விளையும் இப்பகுதியிலே வழிப்போக்கர் காண்பன தெருவும் மதகும் பாலமும் பாடசாலைக் கட்டடமுமே. ஆயின் அவை ஒவ்வொன்றுக்கும் அடியிலே, அத்திவாரத்துக்கும் முந்தியதாய், காணாத பொருள் ஒன்று உண்டு. அஃது ஓர் ஒப்பந்தப் பத்திரம். இதே தெருவால் நாவுலை வரை சென்று கிழக்கே திரும்பினால், 2018 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற மொரகாகந்தை அணைக்கட்டை அடையலாம். சீனத்துச் சைனோஹைட்ரோ நிறுவனம் கட்டிய அப்பேரணைக்கும் ஓர் ஒப்பந்தம். சிற்றூரிலே பிரதேச சபை கட்டுவிக்கும் சிறு மதகுக்கும் ஓர் ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்ற சொல்லின் முதலில் நிற்பது 'ஒப்பு'. இருவர் மனம் ஒப்புதலே அதன் உயிர். ஒருவர் தனிமனிதராகவும் மற்றவர் அரசாகவும் இருக்குமிடத்து அந்த ஒப்புதல் எத்தகையது? அரசு என்பது கையும் வாயும் உடைய ஓர் ஆள் அன்று. அது பேசுவதும் கைச்சாத்திடுவதும் உத்தியோகத்தர் வாயிலாகவே. அவ்வுத்தியோகத்தர் சொன்ன சொல் அரசின் சொல்லாகுமா? இவ்வினாவே அரச ஒப்பந்தங்களைக் கவனிக்கும் சட்டவாதியின் தொழிலுக்கு நடுநாயகமானது.

நம் நாட்டில் அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுபவர் சட்டமா அதிபர். அவருக்கு அடுத்த நிலையிலுள்ளவரை 'மன்றாடியார் நாயகம்' என்கிறோம். மன்றிலே நின்று வழக்காடுவோரின் தலைவர் என விரியும் அழகிய பெயர் அது. ஆயினும் ஒப்பந்தச் சட்டவாதியின் சிறந்த வேலை மன்றிலே நிகழ்வதன்று. மன்றுக்கு வழக்குப் போகாதபடி, கைச்சாத்துக்கு முன்னர் நிகழ்வது. இப்பொருளை வாங்கச் சட்டம் இந்தத் திணைக்களத்துக்கு அதிகாரம் தந்துள்ளதா? பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? கேள்விப்பத்திரம் எல்லார்க்கும் ஒரே வகையாய் அறிவிக்கப்பட்டதா? பத்திரங்களை மதிப்பிடுவோருள் கேள்வியிட்டவரின் உறவினர் எவரேனும் உளரா? முற்பணத்துக்குப் பிணை உண்டா? வேலை தாமதமானால் இழப்பு யாருடையது? பிணக்கு எழுந்தால் நீதிமன்றமா, 1995 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டத்தின் வழியா? இவற்றை ஒவ்வொன்றாய்க் கேட்டு, விடை தவறாயின் அமைச்சரேயாயினும் 'ஆகாது' என்று எழுதும் துணிவே அத்தொழிலின் முதலீடு.

இக்கேள்விகளை மேனாட்டார் தந்தவை என்று எண்ணுதல் பொருந்தாது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் வாரியத் தெரிவிலிருந்து விலக்கியது. பொதுப்பணத்தைத் தொடுவோர் யார், யார்க்கு உறவினர் என்று ஆராய்தல் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நமக்குப் பழகிய ஒழுங்கே.

இனி, கைச்சாத்துக்குப்பின் எழும் தொல்லைகளைப் பார்ப்போம். இலங்கையிலே ஒப்பந்தம் பற்றி அரசின்மேல் வழக்கிடலாம் என்பதைக் கோமறைக் கழகம் 1884 இல் சீமான் அப்பு வழக்கிலேயே ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்திலோ, 1947 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, குடிமகன் முடியரசின் அனுமதியை வேண்டி நின்ற பின்பே வழக்குரைக்க முடிந்தது. இவ்வகையில் நம் நிலை மேலானதே. ஆனால் வாயில் திறந்திருப்பது ஒன்று. உள்ளே வெல்வது வேறொன்று.

திருகோணமலைச் சுங்க வளவிலே கிடந்த உருக்குத் தகடுகளைச் சுங்கத் தலைமை அதிகாரி பகிரங்க ஏலத்தில் விற்றார். ஏ. டீ. சில்வா என்பவர் அவற்றை வாங்கினார். பின்னரே உண்மை வெளிப்பட்டது. அத்தகடுகள் அரசுக்கே உரியவை. சுங்கக் கட்டளைச் சட்டம் அவற்றை விற்க அவ்வதிகாரிக்கு இடந்தரவில்லை. தகடுகள் கொடுக்கப்படவில்லை. சில்வா நட்டஈடு கேட்டார். 1953 இல் கோமறைக் கழகம் அரசின் பக்கமே தீர்த்தது. அதிகாரம் இல்லாத உத்தியோகத்தர் தமக்கு அதிகாரம் உண்டெனத் தாமே காட்டிக்கொள்வதால் அரசு கட்டுப்படாது என்பதே தீர்ப்பின் சாரம். வாங்கியவருக்கு இதனால் நேரும் இடரை நீதிபதிகள் உணராமலில்லை. ஆயினும் உத்தியோகத்தர் தம் வாய்மொழியால் சட்டத்தையே விலக்கிவிடலாம் என்றாக்குதல் அதனினும் பெருந்தீங்கு எனக் கருதினர்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலே மெரில் என்னும் உழவர் 1945 இல் தம் கோதுமைப் பயிருக்குக் கூட்டரசுப் பயிர்க் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் காப்புறுதி கோரினார். முன்பு விதைத்த நிலத்தின் பெரும்பகுதியில் மறுவிதைப்புச் செய்திருப்பதை அவர் மறைக்கவில்லை. பயிர் முழுவதும் காப்புறுதிக்கு உரியதே என்று உள்ளூர்க் குழுவினர் உறுதி கூறினர். வறட்சி வந்து பயிர் அழிந்தபோது, மறுவிதைப்புப் பயிருக்கு விதி இடந்தராது என்று கூட்டுத்தாபனம் கைவிரித்தது. 1947 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டுத்தாபனத்தின் பக்கமே தீர்த்தது. விதி அரச வர்த்தமானியில் வெளிவந்துவிட்டது. ஆகவே உழவர் அதனை அறிந்தவராகவே கொள்ளப்படுவார் என்றது. ஏர் பிடித்த கை வர்த்தமானியையும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும் போலும்!

இவ்விரு தீர்ப்புகளையும் அநீதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாகாது. உத்தியோகத்தரின் ஒவ்வொரு வாக்கும் அரசைக் கட்டுமாயின், கையூட்டு வாங்கியவர் தரும் வாக்கும் கட்டும். நாட்டின் கருவூலம் நாலு பேர் நாவிலே தங்கிவிடும். ஆயினும் இந்த ஒழுங்கின் சுமை யார் தலையில் விழுகின்றது? சைனோஹைட்ரோ போன்ற பெருநிறுவனத்துக்கு ஒவ்வொரு வாசகத்தையும் நிறுத்துப் பார்க்கச் சட்டவறிஞர் உண்டு. பலாபத்வலையிலே ஒரு மதகு கட்ட முன்வரும் மேசனுக்கு யார் உளர்? நம் நாட்டிலோ விதிகளை மேற்பார்க்கும் அமைப்பே நிலைகொள்ளவில்லை. தேசிய பெறுகை ஆணைக்குழு 2015 இல் 19 ஆம் திருத்தத்தால் தோன்றி, 2020 இல் 20 ஆம் திருத்தத்தால் நீங்கி, 2022 இல் 21 ஆம் திருத்தத்தால் மீண்டும் இடம்பெற்றது. கற்றோரும் தடுமாறும் இம்மாற்றங்களை அந்த மேசன் எங்ஙனம் அறிவார்?

ஆதலின் அரசின் சட்டவாதிக்கு ஒரு கடமை பிறக்கின்றது. அதிகாரமின்மை என்னும் கேடயத்தை அரசுக்குச் சட்டம் தந்திருக்குமாயின், அதிகாரத்தின் எல்லையை முன்கூட்டியே மக்களுக்குக் காட்டும் பொறுப்பும் அரசினுடையதே. அமெரிக்கக் கூட்டரசில் ஒப்பந்த அதிகாரிக்கு எழுத்திலே நியமனப் பத்திரம் வழங்கி, அவர் அதிகாரத்தின் எல்லையை அதிலே குறிப்பர். அதனைக் கேட்டுப் பார்த்து உடன்படுதல் அங்குள்ள வணிகர் வழக்கு. நம் கேள்விப்பத்திரங்களிலும், இன்ன தொகைவரை ஒப்புதல் தரவல்லவர் இன்னார், அதற்கு மேல் இன்னார் என்று முதற்பக்கத்திலே எழுதினால் எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும்!

அரசே தன் சொல்லை மீறும்போது இக்கடமை இன்னும் கூர்மையாகின்றது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த செல்லையா கோடீஸ்வரனுக்கு 1962 இல் உரிய சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. சிங்களமொழித் தேர்ச்சி காட்டவில்லை என்பதே காரணம். அவர் வழக்கிட்டார். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என 1964 இல் மாவட்ட நீதிபதி டீ கிரெற்சர் தீர்த்தார். அரசின் சார்பில் மேன்முறையீடு எழுந்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழியைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யாமல், அரச ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மேல் வழக்கிட முடியாது என்று வழக்கைத் தள்ளியது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் அதனை மறுத்து, ஊழியர் உழைத்த கூலியைக் கேட்டு வழக்கிடலாம் என்றது. மொழிச் சட்டம் பற்றிய வினாவை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு விடை வரவேயில்லை. 1971 இல் கோமறைக் கழக மேன்முறையீடு ஒழிந்தது. 1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவும் இல்லாமற் போயிற்று.

இங்கே அரசின் சட்டவாதிகள் தம் கட்சிக்காரருக்குச் செய்ய வேண்டியதையே செய்தனர் எனலாம். ஆனால் கட்சிக்காரர் யார்? அமைச்சா, திணைக்களமா? அன்று, குடிமக்கள் யாவருமே. கோடீஸ்வரனும் அவருள் ஒருவர். குடிமகனின் கேள்வி செவிமடுக்கப்படாமலே அரசு வெல்லுமாயின், அவ்வெற்றியில் அரசின் உண்மையான கட்சிக்காரரே தோற்றவராகின்றார். தனியார் வழக்குரைஞர் வழக்கை வென்றால் அவர் தொழில் நிறைவெய்தும். அரசின் வழக்குரைஞருக்கோ, நீதி வென்றாலன்றி நிறைவில்லை.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்குண்டு. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் மொழிபெயர்ப்புப் பிழை மலிந்த படிவமொன்றில், பொருள் விளங்காமற் கைச்சாத்திடுபவருக்கு அத்திருத்தத்தால் விளைந்த பயன் என்ன? 'ஒப்பு' இல்லாத ஒப்பந்தம் வெறும் பந்தனமே. நாளேட்டில் வெளிவரும் கேள்வி அறிவித்தல் ஒன்றை வகுப்பிலே எடுத்து வைத்து, பிணை, முற்பணம், தாமத நட்டம், முடிவுறுத்தல் என்னும் சொற்களுக்குப் பொருள் கற்பித்தல் இலக்கணப் பாடத்துக்கு இழுக்கன்று. நாளை அம்மாணவருள் ஒருவர் மன்றாடியார் நாயகமாகலாம். மற்றொருவர் மதகு கட்டும் மேசனாகலாம். இருவரும் ஒரே வாசகத்தை ஒரே பொருளில் வாசித்துக் கைச்சாத்திட வல்லவராதல் வேண்டும்.