நாமே கட்டிய வண்டிக் கொட்டகை

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மந்தைவெளியில் எங்க வீட்டு வேப்பமரம் மதியமே சாய்ந்துவிட்டது. பிறகு காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாங்க. புயலின் நடுப்பகுதி கடக்கும்போது இப்படித்தான் ஓயும். அடுத்து எதிர்த்திசையில் இருந்து அடிக்கும். பாட்டி உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எங்க வண்டி நிறுத்தத்தின் தகர ஷீட் பிய்த்துக்கொண்டு போய் அதே படியில் விழுந்தது. நினைச்சா இன்னைக்கும் வயிறு கலங்குது.

அந்த இடம் எங்களுக்கு வெறும் கார் நிறுத்தம் இல்லை. சனிக்கிழமை தோறும் உழவர்கள் நஞ்சில்லாத காய்கறியைக் கொண்டுவந்து இறக்குவதும் அங்கேதான். கூரை வேண்டும், ஆனால் பறக்காத கூரை வேண்டும். நிலத்தில் வெளி இடுபொருளைக் குறைக்கச் சொல்கிற நாம், கட்டும்போது மட்டும் ஏன் கடையில் இருந்தே தொடங்கணும்? விழுந்த மரத்தையே தூணாக்க முடிவு செய்தோம்.

மரம்: வேம்பின் அடிமரம் சுற்றளவு ஐந்தரை அடி. எட்டடித் துண்டாக வெட்டி, அறுவை மில்லில் கொடுத்து 5 அங்குலத்துக்கு 5 அங்குலமாக ஆறு தூண் எடுத்தோம். வேம்பை கரையான் எளிதில் தொடாது. ஆனால் பச்சை மரம் முறுக்கும், வெடிக்கும். முனைகளில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசி, காற்றுப் போக இடையிடையே குச்சி வைத்து, நிழலில் எட்டு மாதம் அடுக்கி வைத்தோம்.

கைமரத்துக்கு மரக்காணம் பக்கம் சவுக்கு பயிரிடும் நண்பரிடம் 3 அங்குலக் கட்டைகள் வாங்கினோம். சவுக்குக்கு வண்டும் கரையானும் சீக்கிரம் வரும். அதனால் வந்த அன்றே பட்டையை உரித்துவிடணும். பிறகு வெங்காரம் மூன்று பங்கு, போரிக் பவுடர் இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து ஊறவைத்தோம். ஈரம் காயாத கட்டையில்தான் மருந்து உள்ளே இறங்கும். மழை பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் கூரைக்கு அடியில் இருக்கும் மரத்துக்கு மட்டும் இது சரி. உத்திரமும் ரீப்பரும் மயிலாப்பூரில் இடித்த பழைய வீட்டின் பர்மா தேக்கு. பழைய ஆணியை எல்லாம் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்கணும்.

கால்: ஓய்வு பெற்ற தச்சர் ஒருவர் ஒரு நாள் வந்து வழி சொன்னார். "சார், மரம் மண்ணுல நிக்கக் கூடாது. கல்லு மேல நிக்கணும்" என்றார். இரண்டடி ஆழக் குழியில் கான்கிரீட் போட்டு, தரைக்கு மேல் அரை அடி தூக்கி, அதில் பதித்த இரும்புப் பட்டையில் தூணைப் போல்ட் போட்டு முடுக்கினோம். மூலை சரியா என்று பார்க்க 6 அடி, 8 அடி அளந்து குறி வையுங்க. குறுக்கே சரியாக 10 அடி வந்தால் மூலைமட்டம் சரி.

சட்டகம்: இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஆறு தூண், மேலே உத்திரம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். தச்சர் ஒரு கையால் தள்ளினார், மொத்தமும் ஆடியது. நான்கு குச்சியைச் சதுரமாக ஆணியடித்து என் கையில் கொடுத்து, "அமுக்குங்க" என்றார். சாய்ந்தது. மூலைக்கு மூலை ஒரு குச்சி சேர்த்து அடித்தார். அசையவே இல்லை. அன்று மாலையே ஒவ்வொரு தூணிலிருந்தும் உத்திரத்துக்குச் சாய்வுத் தாங்கு போட்டோம். ஓட்டின் பாரம் கைமரங்களை வெளிப்பக்கம் தள்ளும். அதனால் எதிரெதிர்த் தூண்களைக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கணும்.

கூரை: நகரத்தில் கீற்று வேண்டாம், ஒரு தீபாவளி வாணம் போதும். பழைய மங்களூர் ஓடு வாங்கினோம். 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழி வந்தது இது. 10 அடி அகலம், 16 அடி நீளக் கொட்டகைக்கு இறவாரத்தோடு சேர்த்துச் சுமார் 350 ஓடு பிடித்தது. ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்றால் முக்கால் டன்னுக்கும் மேல். ஐந்தடிக்கு மூன்றடி உயரும் சரிவு வைத்தோம். பாரம் இருக்கிறதே என்று சும்மா விடக் கூடாது. காற்று அடியில் புகுந்து தூக்கும். ஓர வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்க. ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் தூணோடும், தூண் கான்கிரீட்டோடும் பிணைந்திருக்கணும். நடுவில் ஒரு இடம் விட்டாலும் காற்று அங்கே பிய்க்கும். எங்க தகர ஷீட்டுக்கு நடந்தது அதுதான்.

தொடங்கும் முன் உள்ளாட்சியில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்க. கிராமத்தில் மாட்டுக்கும் கருவிகளுக்கும் கொட்டகை போடுவோருக்கும் இதே முறை பொருந்தும்.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் வந்தது. நான் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால் முகட்டில் இரண்டு ஓடு நகர்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அடுத்த நாள் சனிக்கிழமை. காய்கறி வண்டி தாமதமாக வந்தது. பாட்டிதான் முதலில் கூடையோடு வந்து நின்றாங்க.