நெஞ்சில் கேமரா கட்டி மாரத்தான் ஓடப் போறீங்களா? பரிசும் போகலாம்... படமும் போகலாம்!

சென்னை: ஜனவரி வந்தாலே சென்னையில் மாரத்தான் களைகட்டும். விடியறதுக்கு முன்னாடியே நேப்பியர் பாலம் பக்கம் கூட்டம் திரண்டுவிடும். ஓட்டத்தை அப்படியே படம் பிடிச்சு வீட்ல போட்டுக் காட்டணும்னு நெஞ்சிலும் தலையிலும் குட்டி கேமரா மாட்டிக்க பலருக்கும் ஆசை. ஆசை தப்பில்லை. ஆனால் சில விஷயம் தெரியாமல் மாட்டினால் வம்புதான்.

பரிசுக்கு ஓடுறவங்க உஷார்

உலக தடகள சங்கத்தின் விதிப்படி, போட்டி நடக்கும் இடத்தில் வீரர்கள் வீடியோ கேமரா, ரேடியோ, செல்போன் வைத்திருக்கக் கூடாது. வெளியாள் உதவி கிடைக்கக் கூடாது என்பதுதான் காரணம். மீறினால் நடுவர் முதலில் எச்சரிப்பார். மறுபடியும் செய்தால் ஆளே அவுட்! மாசக்கணக்கில் பயிற்சி எடுத்தது எல்லாம் வீண்.

சும்மா ஆசைக்கு ஓடுறவங்களுக்கு அந்தந்த போட்டி நடத்துபவர்கள் வைப்பதுதான் சட்டம். பெயர் கொடுக்கும்போதே கேட்டு விடுவது நல்லது.

இருட்டில் ஏன் கலங்குது?

இந்த வகை கேமராவில் பிரபலமானது கோப்ரோ. அமெரிக்காவின் நிக் உட்மேன் 2004-ல் முதலில் விற்றது, மணிக்கட்டில் கட்டும் பிலிம் கேமரா. கடல் அலையில் சறுக்குபவர்களுக்காக வந்தது அது.

இப்போது வரும் கேமராக்களில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருக்கு. உடம்பு குலுங்குவதை உள்ளே இருக்கும் சென்சார் கண்டுபிடிக்கும். அதற்கு ஏற்ப படத்தை நகர்த்தி, ஓரங்களை வெட்டி நேராக்கும். ஆனால் வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்தையும் பதிவு செய்ய அதிக நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் உடம்பு குலுங்கினால் படம் கலங்கத்தான் செய்யும். அதனால் பொழுது விடிந்த பிறகு ஆன் செய்தால் போதும்.

முழுசா எடுக்க முடியாது

முழு மாரத்தான் 42.195 கிலோ மீட்டர். சாதாரண ஆள் ஓடி முடிக்க 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 4கே தரத்தில், நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிடத்தில் ஃபுல். பேட்டரியும் அதுவரை தாங்குவது கஷ்டம். அதனால் கிளம்பும் இடம், பாலம், முடிவுக் கோடு என்று துண்டு துண்டாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே மாட்டுவது?

தலைப்பட்டை வியர்வையில் வழுக்கும். நெஞ்சில் கட்டுவது பலருக்கு வசதி. ஆனால் ஓடும்போது உடம்பு முன்னால் சாயும் என்பதால் கேமராவைக் கொஞ்சம் மேலே பார்க்க வைக்கணும். இல்லாவிட்டால் வெறும் ரோடுதான் படத்தில் வரும். பட்டையை இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் தோல் உரசிப் புண்ணாகும். உரசும் இடத்தில் வாசலின் தடவி, முதலில் பயிற்சி ஓட்டத்தில் கட்டிப் பாருங்கள்.

பின்னால் வர்றவங்களை மறக்காதீங்க

கேமராவைச் சரி செய்ய நடு ரோட்டில் திடீரென நின்றால் பின்னால் வருபவர் மோதி விழுவார். ஓரமாக ஒதுங்கி நின்று பாருங்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டாம். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் இன்னும் ஜாக்கிரதை.

மயங்கி விழுந்தவரைப் படம் எடுக்காமல் முதலில் அவருக்கு உதவுங்கள். பெண்கள், குழந்தைகள் முகம் தெரியும் காட்சியை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.